ஸ்டியரிங் 'லூஸ்' என்றால் எது லூஸ்? பழைய ஹெரால்டின் ராக்கைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அகரம், தாடிக்கொம்பு பக்கம் சமவெளியில் ஓட்டும்போது "கொஞ்சம் ஆடுது, கை பழகிடுச்சு" என்று விட்டுவிடுகிற ஸ்டியரிங், அந்த மலையின் மூன்றாவது வளைவிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். ஏறும்போதாவது வேகம் குறைவு. இறங்கும்போது, சக்கரத்தைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் அரை நொடி தாமதம் இருந்தாலே எதிரே வரும் மினி பஸ்ஸுக்கு இடம் விட முடியாது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறையில் சொல்லும் புகார்களில் இதுவே அதிகம் குழப்புவது. "ஸ்டியரிங் லூஸா இருக்கு" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். எது என்று பார்க்காமல் நட்டை இறுக்கினால் ஆட்டம் மறையும், ஆபத்து கூடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைப் படிக்க மிகப் பொருத்தமான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. அது குடும்ப கார். ஆனால், ஒரு புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். பிரிட்டனின் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-ல் ஹெரால்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. அதே சேசிஸைக் குட்டையாக்கி, அதே முன்பக்க சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங் அமைப்பையும் வைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலைப் போட்டு 1962-ல் வந்ததுதான் 'ஸ்பிட்ஃபயர்'. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

இந்தியாவில் ஹெரால்டைக் கட்டியது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1961 முதல் வெளிவந்தது. பின்னாளில் நான்கு கதவு வண்டிகள், 1970-களில் 'கெஸல்', 1980-களில் 'ஸ்டாண்டர்டு 2000' என்று போய், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கார் தயாரிப்பே நின்றுபோனது. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடின. காரணம் எஞ்சின் பலம் அல்ல. முதல் மாடலின் எஞ்சின் வெறும் 948 சிசி. ஸ்டியரிங்தான் அதன் சொத்து. சுமார் 25 அடி விட்டத்துக்குள் ஒரு முழு வட்டம் அடித்துவிடும். இன்றைய சின்ன கார்கள் பலவற்றால் இது முடியாது.

அந்தச் சொத்து கெட்டுப்போனால் ஹெரால்டில் மிச்சம் இருப்பது பழைய தகரமும் பாசமும்தான்.

பாக்ஸ் வேறு, ராக் வேறு

ஃபியட் பத்மினியிலும் பழைய ஜீப்பிலும் இருப்பது ஸ்டியரிங் பாக்ஸ். ஸ்டியரிங் தண்டின் முனையில் புழு போன்ற மரை. அது பாக்ஸுக்குள் ஒரு கையை அசைக்கும். அந்தக் கை பல கம்பிகள் வழியாகச் சக்கரத்தைத் திருப்பும். இந்த அமைப்பில் கொஞ்சம் ஆட்டம் பிறவியிலேயே உண்டு. பாக்ஸின் மேல் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஆட்டம் கூடினால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, மறுபடி இறுக்குவார்கள். ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கை பழகியது இதில்தான்.

ஹெரால்டில் பாக்ஸ் கிடையாது. ராக் அண்ட் பினியன். தண்டின் முனையில் சின்னப் பல்சக்கரம்; அதோடு பல் வெட்டிய நீளக் கம்பி கோத்திருக்கும். கம்பி இடமும் வலமும் நகரும். இரண்டு முனையிலும் டை ராட் வழியாகச் சக்கரம் திரும்பும். இடையில் மூட்டுகள் குறைவு, அதனால் ஆட்டமும் குறைவாக இருக்க வேண்டும். நன்றாக இருக்கும் ஹெரால்டில் ஸ்டியரிங்கை விரலால் அசைத்தாலே முன்சக்கரம் அசைவது தெரியும்.

பாக்ஸ் பழகிய கை இங்கேயும் ஒரு ஸ்க்ரூவைத் தேடும். அதைப் போன்ற ஒன்று ராக்கில் இருக்கவும் செய்கிறது. பல ராக்குகள் வீணாவது அங்கேதான். அதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

சட்டம் எவ்வளவு ஆட்டத்தை அனுமதிக்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் விதி 98 ஸ்டியரிங்கைப் பற்றியது. ஸ்டியரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் வெற்று ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

30 டிகிரி என்றால் எவ்வளவு? சுமார் 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் அளந்தால் 10 செ.மீ.க்கும் சற்று அதிகம். ஒரு கையகலம் சும்மா திருப்பலாம், வண்டி திரும்பாது! எல்லா வகை வண்டிக்கும் பொதுவாக வைத்த எல்லை இது என்பதால் இவ்வளவு தாராளம். பிரிட்டனின் வருடாந்திரச் சோதனை வழிகாட்டி வகை பிரித்துப் பார்க்கிறது. 380 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தில், பாக்ஸ் வண்டிகளுக்கு 75 மி.மீ. வரை, ராக் வண்டிகளுக்கோ 13 மி.மீ. மட்டுமே. அதாவது சுமார் 4 டிகிரி.

ஆக, ஆர்.டி.ஓ. சோதனையில் தேறிவிட்டது என்பதால் ஹெரால்டின் ஸ்டியரிங் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நடுவில் இருக்கும் 5 ஆண்டுகள் முழுக்க உரிமையாளரின் பொறுப்பு. வீட்டிலேயே ஒரு துணியளவு நாடாவையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பையும் வைத்து விளிம்பில் அளந்துவிடலாம். 13 மி.மீ. என்ற அளவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில், என்ன புகார்?

சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைத்தால் நடுவில் வெறுமை தெரிகிறது. இதுதான் உண்மையான 'ப்ளே'. ஏதோ ஒரு மூட்டில் இடைவெளி இருக்கிறது.

சக்கரத்தில் வெறுமை இல்லை, ஆனால் நான்குவழிச் சாலையில் 70-ஐத் தாண்டினால் வண்டி தானாக இடதும் வலதும் மேய்கிறது. இது பெரும்பாலும் டயர், அலைன்மெண்ட், இல்லாவிட்டால் பின்பக்க புஷ்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. முதலில் வீல் பேலன்ஸ், வளைந்த ரிம், பிறகுதான் மற்றவை. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பிரேக்கைப் பார்க்க வேண்டும்; ஸ்டியரிங் மேல் பழி போடக் கூடாது.

பட்டறைக்குப் போகும்போது "லூஸ்" என்று மட்டும் சொல்லாமல் இதில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு பேர், ஒரு விரல்

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் தேவையில்லை. இரண்டு பேர் போதும். ஹெரால்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி: பானெட் மட்டுமல்ல, முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்து மொத்தமாக முன்னோக்கித் திறக்கும். பள்ளத்தில் இறங்க வேண்டாம், அடியில் படுக்க வேண்டாம். டயர் மேல் உட்கார்ந்தபடியே ராக், டை ராட், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பார்க்கலாம். இந்த வசதி பெரும்பாலான நவீன கார்களில் இல்லை.

வண்டி தரையில், நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். முன்சக்கரம் அசையத் தொடங்கும் அளவுக்கு மட்டும். இன்னொருவர் வெளியே நின்று, அந்த அசைவு எங்கே தொலைகிறது என்று மேலிருந்து கீழாகத் தேட வேண்டும்.

கண்ணைவிட விரல் நல்லது. ஒரு மூட்டின் இரண்டு பக்கத்தையும் தொடும்படி விரலை வைத்தால், ஒரு மி.மீ. இடைவெளிகூட 'டக்' என்று விரலில் தட்டும்.

ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில், ராக்கோடு சேரும் இடத்தில் ரப்பர் கப்ளிங் இருக்கும். மேல்பாதி திரும்பி கீழ்பாதி தாமதமாகத் திரும்பினால் அங்கே ரப்பர் போய்விட்டது. அடுத்து பினியன் தண்டு திரும்பியதும் ராக் கம்பி உடனே நகர்கிறதா? பிறகு ராக்கின் உடல். இது சேசிஸில் அசையாமல் இருக்க வேண்டிய பொருள். ஸ்டியரிங்கை ஆட்டும்போது உடலே பக்கவாட்டில் நகர்ந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். அதற்கப்புறம் ராக் பூட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் உள் பால் ஜாயிண்டின் ஆட்டம் தெரியும். கடைசியாக டை ராட் எண்ட்.

அடுத்த கட்டத்துக்கு ஜாக்கி வேண்டும். சேசிஸுக்கு அடியில் சரியான ஸ்டாண்டு வைத்துத்தான் சக்கரத்தில் கை வைக்க வேண்டும். ஊர்ப்பக்கம் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துவதைப் பார்க்கலாம். அந்தக் கல் சுவருக்கு. பக்கவாட்டு அதிர்ச்சி வந்தால் பிஸ்கட் மாதிரி உடையும்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து (கடிகாரத்தில் 12, 6) ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையவில்லை என்றால் மேல் பால் ஜாயிண்ட் அல்லது கீழே இருக்கும் ட்ரன்னியன். பிறகு 3, 9 மணி நிலையில் பிடித்து ஆட்டினால் டை ராட் பக்கத்து ஆட்டம் தெரியும்.

பெரும்பாலும் ரப்பர்தான்

ராக்கின் உடலை ஹெரால்டில் இரண்டு யு போல்ட்டுகள் சேசிஸோடு பிடித்திருக்கின்றன. நடுவில் ரப்பர். சாலையின் அதிர்வு கைக்கு வராமல் இருக்க வைத்த ரப்பர் அது. எஞ்சினில் கசியும் ஆயில் அதன்மேல் படும். ஆயில் பட்ட ரப்பர் ஊறி, குழைந்து, வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் நேர்மாறாக, காய்ந்து வெடித்திருக்கும். இரண்டிலுமே விளைவு ஒன்று: ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ராக்கின் உடல் நகரும், அப்புறம்தான் சக்கரம் திரும்பும்.

ஓட்டுபவருக்கு இது ராக் தேய்ந்தது போலவே தெரியும். ராக்கை மாற்றினாலும் பழைய ரப்பரிலேயே மாட்டினால் அதே ஆட்டம் திரும்ப வரும்.

புது ரப்பர் போடும்போது ஒரு விஷயம். யு போல்ட்டை இருக்கும் இடத்திலேயே வைத்து நட்டை இறுக்கினால் போதாது. ராக்கின் விளிம்புக்கும் சேசிஸ் பிராக்கெட்டுக்கும் நடுவில் ரப்பர் அமுங்கும்படி, போல்ட்டை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி இறுக்க வேண்டும். இல்லையென்றால் புது ரப்பரிலும் பக்கவாட்டு ஆட்டம் இருக்கும். பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் ரப்பருக்குப் பதில் அலுமினியக் கட்டை போடுவதுண்டு. துல்லியம் கூடும், குண்டும் குழியும் நேராகக் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவருக்கு அது வேண்டாத வேலை. பாலியூரித்தேன் புஷ் இரண்டுக்கும் நடுவில்.

ரப்பர் கப்ளிங்கை மாற்றும்போது அதன் குறுக்கே போகும் எர்த் ஒயரைத் திரும்ப மாட்ட மறந்தால் ஹாரன் அடிக்காது. ஸ்டியரிங் சரியாகி ஹாரன் போன வண்டி, நம் ஊர்ச் சாலையில் இன்னும் மோசம்.

அந்த ஸ்க்ரூ சோதனை

இப்போது மெக்கானிக்கின் கை தேடிய இடத்துக்கு வரலாம். பினியனுக்கு எதிர்ப்பக்கம் ராக்கின் உடலில் ஒரு மூடி நட்டு இருக்கும். அதன் உள்ளே ஸ்ப்ரிங்கும் ஒரு பிளஞ்சரும் ராக் கம்பியைப் பினியனோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். மூடிக்கும் உடலுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய ஷிம்கள். ஒரு ஷிம்மை எடுத்துவிட்டால் அழுத்தம் கூடும், ஆட்டம் குறையும்.

ஓட்டத்தில் பெரும்பகுதி நேரம் வண்டி நேராகத்தான் போகிறது. ஆகவே ராக் கம்பியின் நடுப்பகுதி பற்கள்தான் தேய்ந்திருக்கும். ஓரத்துப் பற்கள் புதுசு போலவே இருக்கும். தேய்ந்த நடுப்பகுதியில் ஆட்டம் போகும்வரை ஷிம்மை எடுத்தால், சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது தேயாத பற்கள் இறுகிப் பிடிக்கும். பட்டறை வாசலில் ஆட்டிப் பார்த்தால் "சூப்பர், சரியாயிடுச்சு" என்று தோன்றும். மலை வளைவில் முழுக்கத் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராக வராது. திரும்பியபடியே நிற்கும். லூஸ் ஸ்டியரிங்கைவிட இது பயங்கரம்.

அதனால் ஷிம் எடுத்த பிறகு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம். எங்காவது கை கனத்தால் எடுத்த ஷிம்மைத் திரும்பப் போட வேண்டும். நடுவில் ஆட்டம், ஓரத்தில் இறுக்கம் இரண்டும் சேர்ந்தே இருந்தால் அந்த ராக்கின் ஆயுள் முடிந்தது. அதற்கு மாற்று ஒன்றுதான்; லேத் பட்டறையில் பல்லுக்கு வெல்டு வைத்துத் தேய்த்துத் தரச் சொல்வது உயிரோடு விளையாடுவது.

ராக்குக்கு கிரீஸ் கன்னில் நாலைந்து அழுத்தம் கிரீஸ் போதும். வெளியே வரும்வரை அடித்தால் பூட் ஊதிக் கிழியும். கிழிந்த பூட் வழியாக மணல் போகும். அப்புறம் ராக் முழுவதும் உப்புத்தாள்தான்.

கிரீஸ் அடித்தே கொல்லப்படும் பாகம்

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் ஒரு பாகம் உண்டு. அதைப் பற்றி எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாமே அரைகுறை. ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும்; அந்த மரை, வெண்கல நிறத்தில் இருக்கும் ஒரு கூட்டுக்குள் போய் உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்த மரையில்தான் சுழல்கிறது. இன்றைய காரில் கீழ் பால் ஜாயிண்ட் செய்யும் வேலை.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, ஆயில். தடித்த கியர் ஆயில், நம் கடைகளில் '90 நம்பர் ஆயில்' என்று கேட்டால் தருவார்களே, அதுதான். ஒவ்வொரு 6,000 மைலுக்கும், அதாவது சுமார் 10,000 கி.மீ.க்கும், என்பது அன்றைய கணக்கு. இன்று ஹெரால்டு வருடத்துக்கு ஆயிரம் கி.மீ. ஓடினாலே அதிகம் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த இடத்தில் நிப்பிள் மாட்டும் துளை இருக்கிறது. நிப்பிள் என்றால் கிரீஸ் கன் என்பதுதான் கைப்பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளடைவில் காய்ந்து கட்டியாகி, பிறகு ஆயில் ஊற்றினாலும் உள்ளே விடாது. தண்ணீர் மட்டும் எப்படியோ போய்விடும். உள்ளே தண்டின் மரை துருப்பிடிக்கும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் சக்கரம் திரும்பும் வேளையில் தண்டு முறிந்து, சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும். ட்ரையம்ஃப் வைத்திருக்கும் உலகத்தார் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

இங்கே கவனிக்க வேண்டியது, லேசான ஆட்டம் மட்டுமே இதன் எச்சரிக்கை. சில சமயம் அதுவும் இருக்காது. எனவே, யார் கையில் எப்படி இருந்தது என்று தெரியாத ஹெரால்டை வாங்கினால், ஸ்டியரிங் ஆடினாலும் ஆடாவிட்டாலும், இரண்டு பக்க ட்ரன்னியனையும் கழற்றி மரையைப் பார்த்துவிடுவது நல்லது. மண்ணெண்ணெயில் கழுவி, சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் தெளிக்கும் விரிசல் சோதனை செய்யலாம். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். கிராங்க் ஷாஃப்ட் வேலை பார்க்கும் பெரிய பட்டறைகளில் இந்தச் சோதனை பழக்கமானது. மரை அரித்திருந்தால் தண்டை மாற்ற வேண்டும், பேச்சே இல்லை.

இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர் திசை. ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. கழற்றும்போதே அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். புது புஷ் போட்ட பிறகு சஸ்பென்ஷன் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஸ்டியரிங்கே காரணமாக இல்லாதபோது

முன்பக்கம் எல்லாம் இறுக்கமாக இருந்தும் வண்டி மேய்ந்தால், டயரின் பக்கச்சுவரைப் படிக்க வேண்டும். கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி. 2214 என்றால் 2014-ம் ஆண்டின் 22-வது வாரம். பழைய கார்களின் டயர் தேய்வதில்லை, கிழடாகிறது. பட்டன் புதுசு மாதிரி இருக்கும்; பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்பு ஓடும்.

ஹெரால்டு பிறந்தது ரேடியல் அல்லாத பழைய வகை டயரோடு. இப்போது ரேடியல் போடுகிறார்கள், நல்லதுதான், நான்கிலும் போட்டால். முன்னால் ரேடியல், பின்னால் பழைய வகை என்று கலந்தால் வளைவில் பின்பக்கம் வீசும். காற்றழுத்தமும் முக்கியம். ட்ரையம்ஃப் மேனுவலில் முன்சக்கரத்துக்குக் குறைவாகவும் பின்சக்கரத்துக்கு அதிகமாகவும்தான் சொல்லியிருக்கிறார்கள். பங்க்கில் நாலுக்கும் ஒரே மாதிரி முப்பது அடித்துவிட்டு "வண்டி நிக்கவே மாட்டேங்குது" என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

ஆரம்பகால ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில். பிந்தைய இந்திய வண்டிகளில் வழக்கமான ஒற்றை ஆக்ஸில் வந்தது. ஸ்விங் ஆக்ஸில் வண்டியில், பின்சக்கரத்தை சேசிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்மின் புஷ் தேய்ந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பின்சக்கரம் தானே லேசாகத் திரும்பும். ஓட்டுபவர் கையில் அது ஸ்டியரிங் கோளாறாகவே தெரியும். மிதிக்கும்போது ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று வண்டி நகர்ந்தால் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

பாகம் எங்கே கிடைக்கும்?

சென்னை புதுப்பேட்டையில் தேடிக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு வேறொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் பிரிட்டனில் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் ராக் மவுண்ட், ட்ரன்னியன், டை ராட் எண்ட் எல்லாம் அங்கே புதிதாகவே தயாராகின்றன. சென்னையில் கட்டிய குடும்ப காருக்கு, தம்பி ஸ்போர்ட்ஸ் காரின் புண்ணியத்தில் சாமான் கிடைக்கிறது. ஆர்டர் போடும் முன், கழற்றிய பழைய பாகத்தின் மரை, டேப்பர், நீளம் மூன்றையும் அளந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் தயாரித்த வண்டிகளில் வழியில் பல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. முந்தைய உரிமையாளர்கள் செய்த 'மாற்றங்கள்' தனி.

வேறு காரின் ராக்கை வெட்டி ஒட்டி மாட்டித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. டை ராடின் நீளமும் உயரமும் சஸ்பென்ஷனோடு ஒத்துப்போகாவிட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் தானாகத் திரும்பும். அதோடு, 2021-ல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த கார்களை 'வின்டேஜ்' வாகனமாகப் பதிய முடியும். அதற்கு சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் வண்டி இருக்க வேண்டும். சேசிஸை வெட்டி வேறு ராக் பொருத்தினால் அந்தக் கதவு மூடிவிட வாய்ப்பு உண்டு. வின்டேஜ் பதிவு எண் கொண்ட வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மாட்டிய பிறகு

டை ராட் எண்டைக் கழற்றும்போது மரை முனையில் சுத்தியலால் அடிப்பது வழக்கம். மரை சப்பையாகும். எண்ட் உட்காரும் காதின் பக்கவாட்டில், இரண்டு புறமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் தானாக விடும். எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி வைத்து, புதியதை அத்தனை சுற்று ஏற்றினால் அலைன்மெண்ட் கிட்டத்தட்ட பழைய இடத்தில் இருக்கும்.

கிட்டத்தட்டதான். முழு அலைன்மெண்ட் கட்டாயம். திண்டுக்கல்லின் அலைன்மெண்ட் சென்டரில் திரையில் ஹெரால்டின் பெயர் வராது. "இந்த மாடல் சிஸ்டத்துல இல்ல சார்" என்பார்கள். மேனுவலின் டோ-இன் அளவை எழுதி எடுத்துப்போய், அளந்து மட்டும் தரச் சொன்னால் போதும். நேராகப் போகும்போது ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நின்றால், அதைக் கழற்றி நேராக மாட்டிவிடச் சொல்லக் கூடாது. ராக் நடுவில் இல்லை என்று அர்த்தம். ஓரத்தில் இருந்து ஓரம் எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, இரண்டு டை ராடையும் சம அளவில் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வட்டம் சின்னதாகவும் மறுபக்கம் பெரியதாகவும் அடிக்கும்.

கழற்றிய ஸ்ப்ளிட் பின், மடக்கு வாஷர், நைலான் நட்டு எதையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புதிதே போட வேண்டும். முதல் ஓட்டம் அகரத்தில் இருந்து திண்டுக்கல் வரை, 40-க்கு மேல் போகாமல். திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து யு போல்ட் நட்டுகளை மறுபடி ஒரு இறுக்கு. புது ரப்பர் படிந்து கொஞ்சம் இளகியிருக்கும். 500 கி.மீ. கழித்து இன்னொரு முறை. சிறுமலை அதற்கப்புறம்.